பதினேழு முதல் இருபத்தொன்று வரை: ஒரு கோல்கீப்பரை உருவாக்கும் ஆண்டுகள்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பந்தைக் கையால் தடுக்கவும் பிடிக்கவும் கால்பந்து விதிகள் ஓர் அணியில் ஒருவருக்கு மட்டுமே உரிமை தருகின்றன. அந்த ஒருவரான கோல்கீப்பர், 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு வாயிலைத் தனியாகக் காக்க வேண்டும். 11 மீட்டர் தொலைவிலுள்ள பெனால்டி புள்ளியிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து கோல் கோட்டை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.4 நொடியே ஆகிறது. பந்தின் போக்கைப் பார்த்த பிறகு பாய்வதற்கு அந்த நேரம் போதாது என்பதால், உதைப்பவரின் ஓட்டம், ஊன்றிய காலின் திசை, இடுப்பின் திருப்பம் ஆகியவற்றைக் கொண்டு பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடியையும் பாய்ச்சலையும் பயிற்சித் திடலில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கணிப்போ, வெற்றி தோல்வி உண்மையிலேயே பணயமாக இருக்கும் ஆட்டங்களில் நின்று, தவறு செய்து, அடுத்த வாரமே மீண்டும் நின்றுதான் கைவரும்.

இங்கேதான் கோல்கீப்பரின் தொழில்வாழ்க்கை மற்ற வீரர்களின் வாழ்க்கையிலிருந்து வேறுபடுகிறது. இளம் முன்கள வீரர் ஒருவரைக் கடைசி இருபது நிமிடங்களுக்கு இறக்கிப் பார்க்கப் பயிற்றுநர்கள் தயங்குவதில்லை. இளம் கோல்கீப்பருக்கு அப்படிப்பட்ட சிறு வாய்ப்புகள் கிடைப்பதில்லை. முதல்நிலைக் கோல்கீப்பர் காயமுற்றாலோ வெளியேற்றப்பட்டாலோ அன்றி இரண்டாம்நிலைக் கோல்கீப்பர் பருவம் முழுவதும் மாற்று வீரர் இருக்கையிலேயே அமர்ந்திருக்க நேரிடும். ஆகவே, பதினேழு வயதில் திறமை வெளிப்பட்ட ஒருவர் இருபத்தொரு வயதுக்குள் எத்தனை முழு ஆட்டங்கள் ஆடினார் என்பதுதான் அவருடைய எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அந்த ஆட்டங்களைத் தரும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி, ஓசூரையும் அதை ஒட்டிய மத்திகிரியையும் போன்ற தொழில் நகரங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

மூன்று நாள் இடைவெளியில் பிறந்த இருவர்

இத்தாலியின் ரிமினி நகரில் 2000 ஜூலை 1 அன்று மார்கோ கார்னெசெக்கியும், மணிப்பூரின் மொய்ராங்கில் அதே ஆண்டு ஜூலை 4 அன்று தீரஜ் சிங்கும் பிறந்தார்கள். பதினேழாவது வயதில் இருவரில் உலகம் அதிகம் அறிந்திருந்தவர் தீரஜ் சிங்தான். 2017 அக்டோபரில் இந்தியா நடத்திய 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையில், டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்ற கணக்கில் இந்திய அணி தோற்றபோதிலும், அந்தத் தோல்விகள் மேலும் பெரிதாகாமல் காத்தவர் என்று அவரை நாடு பாராட்டியது.

அதன் பிறகு இருவருடைய பாதைகளும் பிரிந்தன. கார்னெசெக்கியைத் தன் இளையோர் அமைப்பில் வளர்த்த பெர்கமோ நகரத்தின் அட்டலாண்டா கிளப், அவரைத் தன் மாற்று வீரர் இருக்கையில் அமர்த்தி வைக்காமல், 2019-ல் சிசிலித் தீவின் டிராபானி அணிக்கு லோனில் அனுப்பியது. லோன் என்பது வீரரின் ஒப்பந்தத்தைத் தாய்க் கிளப்பே வைத்துக்கொண்டு, ஒரு பருவத்துக்கோ அதற்கு மேலோ இன்னொரு கிளப்பில் ஆட அவரை விடுவிக்கும் ஏற்பாடு. டிராபானி ஆடிய சீரி பி, அதாவது இத்தாலியின் இரண்டாம் நிலை லீக், இருபது அணிகளும் 38 சுற்றுகளும் கொண்டது. அந்தப் பருவத்தின் முடிவில் டிராபானி கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்பட்டது. ஆனால் அதை இளம் கோல்கீப்பரின் தோல்வியாக யாரும் கணக்கெழுதவில்லை. 2021 ஜனவரியில் அவர் மீண்டும் லோனில் கிரெமோனேசே அணிக்கு அனுப்பப்பட்டார். 2022-ல் அந்த அணி முதல்நிலை லீக்கான சீரி ஆ-வுக்கு உயர்ந்தபோது அதன் கோல் காத்தவர் அவரே. 2023-ல் அட்டலாண்டாவுக்குத் திரும்பியவர் அங்கே முதல்நிலைக் கோல்கீப்பரானார். 2024 மே மாதம் டப்ளினில் ஐரோப்பா லீக் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றிருந்தார்.

தீரஜ் சிங் உலகக் கோப்பைக்குப் பிறகு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளைஞர்களுக்காக நடத்திய இந்தியன் ஆரோஸ் அணியில் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, ஸ்காட்லாந்தின் மதர்வெல் கிளப்பில் தேர்வுப் பயிற்சிக்குச் சென்றார். 2018-ல் இந்தியன் சூப்பர் லீக்கின் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியில் சேர்ந்து அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவில் களமிறங்கினார். அடுத்த பருவத்தில் அவர் சேர்ந்த ஏடிகே அணி சாம்பியன் பட்டம் வென்றது. ஆனால் அங்கே அரிந்தம் பட்டாச்சார்யா முதல்நிலைக் கோல்கீப்பராக இருந்ததால், பத்தொன்பது வயதில் தீரஜின் பருவம் பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கையில் கழிந்தது. 2021 ஜனவரியில் எஃப்சி கோவாவுக்கு மாறிய சில மாதங்களிலேயே, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப்பின் கோலைக் காக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சு வீரர் லாரன் பிளாங்க் பயிற்றுவித்த கத்தாரின் அல் ரய்யான் அணியையும், அடுத்து அமீரகத்தின் அல் வஹ்தா அணியையும் அந்த கோவா அணி கோல் ஏதும் விடாமல் சமன்செய்தது. இருபது வயதில் ஆசியத் தரத்தில் நின்று காட்டிய அவருக்கு அதன் பின்னரும் தொடர்ச்சியான பருவங்கள் அமையவில்லை. 2024-ல் மோகன் பகானுக்குச் சென்றபோது அங்கே விஷால் கைத்துக்குப் பின்னால் இரண்டாம் இடமே இருந்தது.

இந்த ஒப்பீட்டில் தீரஜ் சிங்கின் உழைப்பையோ திறமையையோ குறைசொல்ல எந்த இடமும் இல்லை. ஒருவருக்குத் தவறு செய்வதற்கும் திருத்திக்கொள்வதற்கும் வேண்டிய ஆட்டங்களை ஓர் அமைப்பு திட்டமிட்டுத் தந்தது. மற்றவருக்கு அந்த ஆட்டங்கள் வந்தபோது வந்தன, வராதபோது நின்றன.

இடங்களின் கணக்கு

இந்த வேறுபாட்டின் அடியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சீரி ஆ-வில் இருபது, சீரி பி-யில் இருபது, மூன்று பிரிவுகளாக நடக்கும் சீரி சி-யில் அறுபது என இத்தாலியில் நூறு தொழில்முறைக் கிளப்புகள் இருக்கின்றன. எனவே எந்தவொரு வார இறுதியிலும் அந்நாட்டில் நூறு கோல்கீப்பர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டு கோல் காக்கிறார்கள். 142 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இந்தியாவில், 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் பதின்மூன்று கிளப்புகளும் அதற்கடுத்த ஐ-லீக்கில் பன்னிரண்டு கிளப்புகளும் ஆடின. ஆக, இரண்டு தேசிய நிலைகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் இருபத்தைந்து. பருவத்தின் நீளமும் அப்படியே. தீரஜ் சிங் ஏடிகே அணியில் இருந்த 2019-20 பருவத்தில் ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் ஆடியவை 18 ஆட்டங்கள் மட்டுமே. அதே பருவத்தில் கார்னெசெக்கி நின்ற சீரி பி-யில் 38.

கியான்லூயிஜி டொன்னரும்மா 2015 அக்டோபரில், பதினேழு வயது நிறைவதற்கு முன்பே ஏசி மிலான் அணிக்காகக் களமிறங்கினார். 2021 ஜூலையில் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தைப் பெனால்டி உதைகளில் வென்று இத்தாலி ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியபோது தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். பெருந்திறமை தானே வழி கண்டுகொள்ளும் என்று வாதிடுவோர் இவரைச் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் டொன்னரும்மாவை அந்த வயதில் இறக்கிய பயிற்றுநர் சினிசா மிகைலோவிச், ஓர் ஆட்டத்தோடு அவரை நிறுத்திவிடாமல் வாரந்தோறும் தொடர்ந்து ஆடவைத்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அபூர்வத் திறமைக்கும் அந்தத் தொடர்ச்சி தேவைப்பட்டது என்றால், உழைத்து மேலே வரும் மற்றவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தத் தேவையை உணர்ந்து தொடங்கப்பட்ட முயற்சி இந்தியன் ஆரோஸ் அணியே. இளைஞர்களை மட்டும் கொண்டு, மூத்தோர் லீக்கில் ஆடி, தோற்றாலும் அனுபவம் பெறட்டும் என்ற நோக்கத்தோடு 2010-ல் தொடங்கப்பட்ட அந்த அணி 2013-ல் கலைக்கப்பட்டது. 2017-ல் உயிர்பெற்று, 2022-ல் மீண்டும் கலைக்கப்பட்டது. இன்று நாட்டின் முதன்மைக் கோல்கீப்பர்களில் ஒருவராக விளங்கும் குர்பிரீத் சிங் சந்துவும் ஈஸ்ட் பெங்கால் கிளப்பிலிருந்து லோனில் இந்த அணிக்கு வந்து ஆடியவர்தான்.

ரோமுக்குச் சென்ற தங்கராஜ்

தொடங்கிக் கலைக்கும் இந்த வழக்கத்துக்கு மாற்றான முன்னுதாரணம் இந்தியக் கால்பந்தின் வரலாற்றிலேயே உண்டு; அது தமிழ்நாட்டு மண்ணிலேயே வேர்கொண்டது. 1935-ல் ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் முதலில் முன்கள வீரராகவே ஆடினார். பிறகு கோல்கீப்பராக மாற்றப்பட்டார். அந்த மாற்றம் நிகழ்ந்தபோது அவர் இருபது வயதை ஒட்டியிருந்தார் என்பதையும், 1955-லேயே அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கற்றலுக்குரிய ஆண்டுகளில் ரெஜிமென்ட் அவருக்கு எவ்வளவு பெரிய களத்தைத் தந்தது என்பது புலப்படும். 1958-ல் அந்த அணி மீண்டும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1960-ல் அவர் தலைமையில் முப்படைகளின் சர்வீசஸ் அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

அதே 1960-ல் சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணியோடு தங்கராஜ் ரோம் ஒலிம்பிக்கில் ஆடினார். ஹங்கேரியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, பிரான்ஸை 1-1 என்று சமன்செய்து, பெருவிடம் 1-3 என்று தோற்று அணி வெளியேறியது. முடிவு தோல்விதான் என்றாலும், ஐரோப்பாவின் வலிமையான கால்பந்து நாடுகளில் ஒன்றான ஹங்கேரியால் ஒரே கோல் வித்தியாசத்தில்தான் வெல்ல முடிந்தது. ஈராண்டுகள் கழித்து, 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றபோது கோல் காத்தவர் தங்கராஜ். 1967-ல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

தங்கராஜின் வாழ்க்கை சொல்லும் செய்தி, அக்கால வீரர்கள் இக்கால வீரர்களைவிடச் சிறந்தவர்கள் என்பதாகாது. ஒரு நிறுவனம் அவருக்கு மாதச் சம்பளமும் தங்குமிடமும் திடலும் தந்து, ஆண்டு முழுவதும் ஆட்டங்களும் தந்தது. ஆட்டம் முடிந்தாலும் வேலை இருக்கும் என்ற உறுதியையும் தந்தது. ராணுவமும் ரயில்வேயும் வங்கிகளும் பொதுத்துறை ஆலைகளும் தங்கள் ஊழியர்களைக் கொண்டு நடத்திய இத்தகைய அணிகளைத் துறைசார் அணிகள் என்பர். சென்னையில் ஐசிஎஃப், இந்தியன் வங்கி அணிகளும், பெங்களூரில் எச்ஏஎல், ஐடிஐ அணிகளும் அந்த மரபில் வந்தவை. கிளப் கால்பந்து பெரும் வணிகமாக வளரத் தொடங்கியதும் இந்த அணிகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குச் சென்றன. புதிய கிளப்புகள் சிலருக்குப் பெரும் ஊதியம் தந்தாலும், துறைசார் அணிகள் தந்துவந்த பரவலான வாய்ப்பை ஈடுசெய்யவில்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டதும், அடுத்த மாதமே பெங்களூரு எஃப்சி தன் முதல்நிலை வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்ததும், இந்த வணிகத்தை மட்டுமே நம்பி ஓர் இளைஞர் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது எவ்வளவு இடர் மிக்கது என்பதை உணர்த்தின.

எல்லைக்கு இப்பால்

அந்தப் பெங்களூரு எஃப்சி ஆடும் ஸ்ரீ கண்டீரவா அரங்குக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2023 ஜூலை 4 அன்று அதே அரங்கில் நடந்த தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றபோது, குவைத்தின் கடைசி உதையை குர்பிரீத் தடுத்து இந்தியாவுக்குக் கோப்பையைத் தந்தார். நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் மூன்றாண்டுகள் இருந்து, ஐரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயரும் பெற்ற அவர், 2017-ல் பெங்களூருக்கு வந்த பிறகே பருவந்தோறும் முழுமையாக ஆடும் கோல்கீப்பரானார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய வரதராஜ் முதல், 2023-ல் சந்தோஷ் கோப்பையை ஐந்தாவது முறையாக வென்ற கர்நாடக அணி வரை, பெங்களூரின் கால்பந்து மரபு நீண்டது.

மாநில எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டிலிருக்கும் மத்திகிரியின் நிலை வேறு. 1824-ல் ராணுவக் குதிரைகளை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் கால்நடைப் பண்ணையாக மாறிய பரந்த நிலத்தை ஒட்டிய இந்த ஊர், இன்று ஓசூர் மாநகராட்சியின் பகுதியாக, சிப்காட் ஆலைகளில் வேலைபார்ப்போரின் வசிப்பிடமாக மாறியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் கலந்து வாழும் இப்பகுதியில் விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பவை, விழுந்தெழப் புல்தரையுள்ள திடலும், முறையான அளவுள்ள கோல் கம்பமும், கோல்கீப்பிங்கைத் தனிக் கலையாகக் கற்றுத்தரும் பயிற்றுநரும்தான். சரளைக்கற்கள் நிறைந்த செம்மண் தரையில் பக்கவாட்டில் பாய்ந்து விழச் சொன்னால் எந்தச் சிறுவனும் சிறுமியும் ஓரிரு நாளில் அதை விட்டுவிடுவார்கள். தப்பித்தவறித் தொடர்பவர்களும் விழுவதற்கு அஞ்சும் பழக்கத்தோடு வளர்வார்கள்.

எல்லை இன்னொரு சிக்கலையும் உண்டாக்குகிறது. வயதுப் பிரிவுகளுக்கான தேசியப் போட்டிகள் மாநில அணிகளின் அடிப்படையில் நடப்பதால், மத்திகிரிச் சிறுவன் ஒருவனுக்கு அருகிலிருக்கும் வலுவான லீக் பெங்களூரில் இருந்தாலும், அவன் சேர வேண்டிய தேர்வுப் பட்டியல் தமிழ்நாட்டுடையதாக இருக்கிறது. அந்தத் தேர்வாளர்களின் பார்வையோ பெரும்பாலும் 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையை ஒட்டியே அமைகிறது. பெங்களூரில் பயிற்சி பெற விரும்பினால் பள்ளி முடிந்து எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைக் கடந்து நெரிசலில் சென்று திரும்ப வேண்டும். ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்தச் செலவும் நேரமும் தாங்கக்கூடியவை அல்ல.

ஆலைகள் செய்யக்கூடியது

இந்த இடைவெளியை நிரப்பும் வலிமை ஓசூரின் தொழிற்சாலைகளுக்கு இருக்கிறது. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் டைட்டனும் அவற்றுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர ஆலைகளும் இங்கே இயங்குகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) படித்து முடித்த இளைஞரை அப்ரண்டிஸாகச் சேர்த்து, மூத்த தொழிலாளியின் கண்காணிப்பில் உண்மையான எந்திரத்தில் உண்மையான பொருளைச் செய்யவைத்தே அவரைத் தொழில் வல்லவராக்க முடியும் என்பதை இந்த ஆலைகளைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. கோல்கீப்பரை உருவாக்கும் முறையும் அதுவே.

தொழில் நிறுவனம் ஒன்று கால்பந்தை வளர்க்க முடியுமா என்ற ஐயத்துக்கு ஜாம்ஷெட்பூர் விடை தருகிறது. அங்கே 1987-ல் தொடங்கப்பட்ட டாடா கால்பந்து அகாடமியிலிருந்து வந்தவர்களில் ஒருவர்தான், 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவின் கோல்கீப்பராகப் பெரும் பாராட்டைப் பெற்ற சுப்ரதா பால். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் ஊர் ஓசூர் என்பதை நினைவில் கொண்டால், அந்த அனுபவம் இந்த ஊருக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

முதலாவதாகச் செய்யத்தக்கது ஆலைகளுக்கிடையிலான லீக். பன்னிரண்டு ஆலைகள் அல்லது ஆலைக் கூட்டமைப்புகள் ஆளுக்கோர் அணியை அமைத்து, ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு இருமுறை மோதினால் ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள் கிடைக்கும். இது ஐ-லீக் பருவத்துக்கு இணையான எண்ணிக்கை. அந்த லீக்கில் ஒவ்வோர் அணியின் கோல்கீப்பரும் 21 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியைச் சேர்த்தால், ஆண்டுதோறும் பன்னிரண்டு இளைஞர்கள் முழுப் பருவமும் ஆடிய கோல்கீப்பர்களாக வெளிவருவார்கள். அவர்களை அப்ரண்டிஸாகவோ பயிற்சிப் பணியாளராகவோ சேர்த்து, ஷிப்ட் நேரத்தைப் பயிற்சிக்கு ஏற்ப ஒதுக்கித் தந்தால், கால்பந்தில் மேலே செல்ல முடியாதவர்களும் கையில் ஒரு தொழிலோடு நிற்பார்கள். ஒரு நாட்டின் உயர்நிலை அணிகளில் கோல்கீப்பர்களுக்கான இடங்கள் எப்போதுமே குறைவு என்பதால், இந்த இரண்டாவது பாதுகாப்பு மற்ற வீரர்களைவிட அவர்களுக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது, திடலும் பயிற்றுநரும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஊரக விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிப்பது அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளது. ஒருநாள் போட்டிக்குக் கோப்பையும் சீருடையும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, புல்தரைத் திடல் ஒன்றைப் பராமரிப்பதும், தகுதிச் சான்று பெற்ற கோல்கீப்பிங் பயிற்றுநர் ஒருவரை ஆண்டு முழுவதும் சம்பளத்துக்கு அமர்த்துவதும் நிலைத்த பயன் தரும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஓசூர் மாநகராட்சியும் நிலம் தந்தால், ஆலைகள் பராமரிப்பை ஏற்பது கடினமன்று.

மூன்றாவது, பெண்கள். லாஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்று, 2015-ல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் இடம்பெற்ற கோல்கீப்பர் அதிதி சௌஹான் திறந்துவைத்த பாதையில், மணிப்பூரின் பாந்தோய் சானு ஆஸ்திரேலியா வரை சென்றிருக்கிறார். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றதும், தமிழக மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியனானதும், மகளிர் கால்பந்தில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பதைக் காட்டுகின்றன. ஓசூரை ஒட்டிய கைபேசி உதிரிபாக ஆலை ஒன்றில் மட்டும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள், பெரும்பாலும் அந்த முக்கியமான பதினெட்டு முதல் இருபத்தொரு வயதுக்குள், விடுதிகளில் தங்கி வேலைபார்க்கிறார்கள். அவர்களுக்கென ஓர் ஆலை லீக் அமைவது, ஆண்களுக்கான லீக்குக்குப் பிறகு எப்போதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கத்தக்கது அன்று; இரண்டும் ஒரே நாளில் தொடங்கப்பட வேண்டும்.

நான்காவது, எல்லை. ஓசூர் அணிகள் தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நிலையிலேயே பெங்களூரின் இளையோர் லீக்குகளில் விருந்தினர் அணிகளாக ஆடுவதற்கு, இரு மாநிலக் கால்பந்துச் சங்கங்களும் தேசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காகக் கடக்கும் ஓர் எல்லையைப் பதினைந்து வயதுச் சிறுவர்கள் கால்பந்துக்காகக் கடக்க முடியாமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

கார்னெசெக்கிகள் இத்தாலியில் மட்டுமே பிறப்பதில்லை என்பதற்குத் தீரஜ் சிங்கின் பதினேழாவது வயதே சான்று. அவர்களைத் தொடர்ந்து ஆடவைக்கும் நிறுவனங்கள் இந்தியாவிலும் இருந்தன என்பதற்குப் பீட்டர் தங்கராஜின் வாழ்க்கை சான்று. திறமையைக் கண்டெடுப்பதற்கு முகாம்கள் நடத்தி, பதக்கம் அணிவித்து, அத்தோடு கைவிடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, கண்டெடுக்கப்பட்டவருக்கு அடுத்த நான்கு ஆண்டுகளில் எத்தனை ஆட்டங்கள் உறுதி என்று கேட்கும் வழக்கத்தைக் கால்பந்து நிர்வாகம் கைக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்லும் முதல் தொழில் நகரமாக ஓசூர் இருக்க முடியும்; அதற்கான பணமும் மனிதர்களும் இளைஞர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஆலை நிர்வாகங்களும் மாவட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் அமர்ந்து, வரும் பருவத்துக்கான ஆட்ட அட்டவணையை எழுதத் தொடங்குவதே இப்போது எஞ்சியிருக்கும் வேலை.